மணலோடைப்பட்டிப் படத்தில் நாலரை மில்லிமீட்டர்

1. டிவைடர் சொன்ன கணக்கு

நாலரை மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் நீளம்கூடக் கிடையாது. அதற்காக மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால், இன்று கம்ப்யூட்டரில் படம் போடுகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கையெழுத்து என்னுடையது அல்லவா.

விருதுநகரில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சர்வேயர் வெயிலில் அளந்து எழுதிக்கொண்டு வருவார். நான் நிழலில் உட்கார்ந்து அதைப் படமாக்குவேன். நிழலில் இருந்தாலும் நிம்மதியாக இருந்ததில்லை. பயம் எனக்குக் கூடப்பிறந்தது. கேஸை மூடினேனா என்று பஸ் ஏறியபின் சந்தேகம் வந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடிய நாட்கள் எத்தனையோ. “உனக்கு இந்த வேலை கொடுத்தவனைச் சொல்லணும்” என்பார் என் வீட்டுக்காரர். நான் அதற்கு, இந்த வேலைக்குப் பயந்தவள்தான் லாயக்கு என்பேன். அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் நடந்தது இது. வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றங்கரையில் மணலோடைப்பட்டி என்று ஒரு சிற்றூர். உண்மைப் பெயரை மாற்றியிருக்கிறேன். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டாசுக் கம்பெனி. எங்கள் பக்கத்தில் அதைப் ‘பயர் ஆபீஸ்’ என்பார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் “ஆபீசுக்குப் போறேன்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கம்பெனி புதிதாக ஒரு மேகசின் கட்ட அனுமதி கேட்டிருந்தது. செய்து முடித்த வெடிகளை அடுக்கிவைக்கிற கிடங்குதான் மேகசின். எவ்வளவு சரக்கு வைக்கிறார்களோ அதற்கேற்ப, குடியிருக்கும் வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தூரம் இருக்கிறது என்று எங்கள் அலுவலகம் படம் போட்டுக் கொடுத்தால்தான் கோப்பு மேலே நகரும்.

சர்வேயர் சண்முகவேல் அளந்து வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், சுறுசுறுப்பானவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மேகசின் வரப்போகும் இடம் கம்பெனிக்குள் ஒரு பழைய கிணற்றடி. மிகப் பக்கத்தில் இருக்கும் வீடு, ஊரின் கடைசியில் கருப்பசாமி பீடத்தை ஒட்டிய ஓட்டு வீடு. இரண்டுக்கும் இடையில் முந்நூற்றுப் பதினெட்டு மீட்டர் என்று எழுதியிருந்தார். விதிக்கு வேண்டியதைவிடப் பதினோரு மீட்டர் அதிகம். சந்தோஷம், படத்தைப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இந்த மாதிரிப் படத்துக்கு அடிப்படையாக நான் எடுத்துக்கொள்வது பழைய டோப்போ படம் ஒன்றை. ஆற்றில் அணை கட்டலாமா என்று வெள்ளைக்காரன் காலத்தில் யோசித்தபோது, கரையோர ஊர்களை மேடு பள்ளத்தோடு அளந்து வரைந்தது. பதினாறு அங்குலம் ஒரு மைல் என்ற ஸ்கேல். துணியில் ஒட்டிய கெட்டிக் காகிதம். எங்கள் ரெக்கார்டு ரூமில் கரையான் அரிக்காமல் தப்பிய நாலைந்து ஷீட்டுகளில் அது ஒன்று. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம், ஒளிப்பானேன். வரைந்தவன் ஆற்று மணலைப் புள்ளி புள்ளியாக வைத்திருப்பான். மணலுக்குள் குட்டி நீல வட்டங்கள் இருக்கும். அவை ஊர்ப் பெண்கள் குடிதண்ணீருக்குத் தோண்டிய ஊற்றுகள். ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. அக்கரையில் பருத்திக் காடு வைத்திருந்த சம்சாரிமாரிடம், அதாவது விவசாயிகளிடம், இக்கரையில் இருந்துதான் கூலியாட்கள் போனார்கள். அந்தக் கூலியாட்களின் வீடுகள் இருபத்துமூன்று, சிவப்புக் கட்டங்களாக. பேரன் பேத்திகள் பயர் ஆபீசுக்குப் போவார்கள் என்று வரைந்தவனுக்கு எங்கே தெரியும்.

அந்தப் படத்தில் பீடமும் இருந்தது, கிணறும் இருந்தது. சும்மா ஒரு சரிபார்ப்புக்காக, இரண்டு முள் வைத்த டிவைடரை விரித்து வைத்தேன். முந்நூறு மீட்டர்தான் வந்தது. மறுபடி வைத்தேன். முந்நூறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைத்தேன். அதே முந்நூறு. சண்முகவேல் கணக்கில் கூடுதலாக இருந்த பதினெட்டு மீட்டர், படத்தில் நாலரை மில்லிமீட்டர். அந்த முந்நூறு உண்மையாக இருந்தால் விதிக்கு ஏழு மீட்டர் போதாது. அதாவது ஒரு கிடங்கு வெடியை ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் வைக்க நான் கையெழுத்துப் போடப் போகிறேன்.

2. காகிதமா, ஆளா

முதலில் சண்முகவேலிடம்தான் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை போலிருக்கிறது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னக்கா சொல்றீக? நான் நடந்து அளந்தது பொய்யி, செத்துப்போன வெள்ளக்காரன் காயிதம் மெய்யா?”

“பொய்யின்னு நான் சொல்லலை தம்பி. ரெண்டும் ஒட்டலைன்னுதான் சொல்றேன்.”

“ஒட்டாட்டி காயிதத்தத்தான் சந்தேகப்படணும். எம்புட்டு வருசமாச்சு, சுருங்கிப்போயிருக்கும்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பழைய காகிதம் சுருங்கத்தான் செய்யும். உதவி இயக்குநரிடம் போனேன். அவரை நாங்கள் ஏ.டி. ஐயா என்போம். நல்ல மனிதர், ஆனால் கோப்பு மேஜையில் தங்கினால் அவருக்குத் தும்மல் வரும். அவரும் அதையே சொன்னார்.

“ஏம்மா, காயிதம் சுருங்கும்ங்கிறது ஒனக்குத் தெரியாதா? இத்தன வருஷ சர்வீஸ்ல இதுக்குப் போயி நிக்கிறீயே.”

“சார், நான் அளந்தது நம்ம பிளாஸ்டிக் ஸ்கேல வச்சு இல்ல. படத்தோட அடியில ஒரு ஸ்கேல் கோடு அச்சாயிருக்கு. காயிதம் சுருங்கினா அந்தக் கோடும் கூடவே சுருங்கிரும். அந்தக் கோட்டுல வச்சுத்தான் டிவைடர எடுத்தேன்.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கிணறு அதே கிணறுதானா? பீடத்த மாத்திக் கட்டியிருந்தா?”

அதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது என்றேன். “போயி பாத்துட்டு வந்துரு. நாளைக்கே போ. கம்பெனிக்காரங்க தினம் போன் அடிக்கிறாங்க” என்றார்.

நான் களத்துக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நான் சொல்வது தப்பாக இருந்தால் சண்முகவேல் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு பயம். சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய பயம்.

3. கேட்டில் கழற்றிய ஊக்குகள்

மறுநாள் சண்முகவேலும் நானும் ஜீப்பில் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆமத்தூர் தாண்டும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

முதலில் ஊர்ப் பக்கம் போய்ப் பீடத்தைப் பார்த்தோம். ஒரே கல். உயரம் குறிப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கொத்திய அம்புக்குறி எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. கல் நகரவில்லை. பிறகு கம்பெனி வாசலுக்கு வந்தோம்.

கம்பெனி மேனேஜர் ராஜாமணி வாசலுக்கே வந்து வரவேற்றார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் உடனே உள்ளே விடவில்லை.

“மேடம், தப்பா நெனைக்காதீக. இரும்பு எதுவும் உள்ள வரக்கூடாது. உரசுனா பொறி. சாவிக்கொத்து, கொண்டை ஊசி, சேலையில குத்துன பின்னு, எல்லாத்தையும் இந்த டப்பாவுல போட்டுருங்க.”

அன்றைக்கென்று பார்த்து நான் மடிப்பு கலையாத காட்டன் சேலை கட்டி ஐந்து இடத்தில் பின் குத்தியிருந்தேன். வாட்ச்மேன் முன்னால் எப்படிக் கழற்றுவது? அவருடைய அறைக்குள் போய்க் கழற்றிவிட்டு, ஒரு கையால் கொசுவத்தையும் மறு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டு வந்தேன். திரி உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், பயம் மட்டும் இல்லாவிட்டால். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளி நிறத்தில் வெடிமருந்துத் தூசி. நான் மூச்சு விட்டாலே பற்றிக்கொள்ளுமோ என்று இருந்தது.

கிணறு அதே கிணறுதான். படத்தில் இருந்தபடி சதுரக் கிணறு, கிழக்கே நீர் இறைக்கிற மாடு இறங்குகிற கமலைச் சரிவு. அப்படியென்றால் தப்பு காகிதத்தில் இல்லை. சண்முகவேலும் அதைப் பார்த்தார்.

“தம்பி, அன்னைக்கு எப்படி அளந்தீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செஞ்சு காட்டுங்க” என்றேன்.

எங்கள் சர்வே சங்கிலி இரும்பு. அதை இந்த கேட்டுக்குள் கொண்டுவர முடியாது. அலுவலகத்து டேப் அறுந்து கிடந்தது. அதனால் அவர் கயிறு எடுத்திருக்கிறார், நல்ல பருத்திக் கயிறு. கேட்டுக்கு வெளியே சங்கிலியை விரித்து, கயிற்றை அதன் பக்கத்தில் போட்டு, இருபது மீட்டரில் முடிச்சுப் போட்டிருக்கிறார். சுவருக்குள்ளே பதின்மூன்று கயிறு நீளம். சுவருக்கு வெளியே மிச்சத் தூரத்துக்குச் சங்கிலி. யோசித்துச் செய்த வேலைதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கேட்டில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார். அப்போது மேனேஜர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏத்தா, அந்த வாளியக் கொண்டாங்க! கயிற நல்லா முக்குங்க, அன்னைக்கு மாதிரி.”

ஒரு பெண் வாளியோடு வந்து கயிறு முழுவதையும் தண்ணீரில் முக்கி எடுத்தாள். “எதுக்கு நனைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“உள்ள தரையில மருந்து சிந்திக் கெடக்கும் மேடம். காஞ்ச கயிறப் போட்டு இழுத்தா தேய்ப்பு. நனைச்சுட்டா பயமில்ல. எங்க ஆபீசுல எதையும் நனைக்காம இழுக்க மாட்டோம்.”

அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம் அது. ஆனால் மழையில் நனைந்த கொடிக்கயிறு சுருங்கி விறைத்துக்கொண்டு துணியைத் தூக்கி நிறுத்துவதை எந்த வீட்டுப் பெண்தான் பார்த்ததில்லை? கொசுவத்தை விட்டுவிடப் பார்த்தேன்.

“தம்பி, அந்த நனஞ்ச கயிற வெளிய கொண்டாந்து சங்கிலி பக்கத்துல போடுங்க.”

போட்டார். ஒரு மீட்டரும் நாற்பது சென்டிமீட்டரும் குறைவாக இருந்தது. இருபது மீட்டர் என்று அவர் எண்ணிய ஒவ்வொரு கயிறும் பதினெட்டரைக்குச் சற்று மேல்தான். பதின்மூன்று கயிற்றுக்குப் பெருக்கிப் பாருங்கள், பதினெட்டு மீட்டர் வந்துவிடும்.

சண்முகவேல் கயிற்றின் முனையைப் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவி” என்று தன்னையே திட்டிக்கொண்டார். எனக்கு ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

4. கடைசி வீட்டுக்காரி

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் விஷயம் ஊருக்குப் பரவிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலுக்கு வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் மாரியம்மாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வெள்ளி மருந்து. பீடத்தை ஒட்டிய அந்தக் கடைசி வீடு அவளுடையதுதான்.

“மேடம், எம் வீடு இருக்கதுனாலதான் மேகசினுக்கு ஆர்டர் வராதுங்காகளே, நெசமா?”

“தூரம் போதலம்மா.”

“போதலைன்னா படத்துல எம் வீட்டப் போடாதீக. மாட்டுக்கொட்டம்னு எழுதிக்கிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

இதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று மேனேஜரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“மேகசின் இல்லைன்னா சரக்கு வைக்க எடமில்ல, சரக்கு வைக்க எடமில்லைன்னா சீசனுக்கு வேல இல்லைன்னு சொல்லிட்டாக. இங்கன வேல இல்லைன்னா நாங்க எங்க போவோம்? மூணு பிள்ளைக எனக்கு. மூத்தவன் இப்பத்தான் பத்தாப்பு.” பின்னால் நின்ற பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். “ஒங்களுக்கு என்ன மேடம், பேனால கோடு போட்டுட்டுப் போயிருவீக” என்றாள் ஒருத்தி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விதி அப்படி இருக்கும்மா. என் கையில ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். பின்களை டப்பாவிலிருந்து எடுக்கக்கூட மறந்துவிட்டேன். அவ்வளவு அவசரம், அந்தக் கண்களிலிருந்து தப்ப. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. அன்று நான் செய்த தப்பு இதுதான். அது தப்பு என்று தெரிய எனக்கு அநேக வருஷம் ஆனது.

5. கையெழுத்து

திரும்பி வரும்போது ஜீப்பில் சண்முகவேல் வாய் திறந்தார்.

“அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். மெமோ குடுப்பாக. ப்ரமோசன் லிஸ்ட்ல பேரு இருக்கு. பதினெட்டு மீட்டர்க்கா. யாரு பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டேனே தம்பி.”

“பாக்காத மாதிரி இருக்கலாம்ல.”

இருக்கலாம்தான். அந்தக் கோப்பு என் மேஜையில் பத்து நாள் கிடந்தது. மேனேஜர் தினமும் போன் செய்தார். ஏ.டி. ஐயா தும்மினார். சண்முகவேல் மனைவி ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் எதுவும் கேட்கவில்லை, கும்பிட மட்டும் செய்தார். அதற்குப் பதில் அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வீட்டில் மிக்சி ஓடினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டுக்கொட்டம் என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. மாரியம்மாளே சம்மதித்துவிட்டாள். ஆனால் பேனாவை எடுத்தால் ஓட்டு வீட்டுக்குள் மூன்று பிள்ளைகள் படுத்திருப்பது கண் முன்னால் வந்தது. மாட்டுக்கொட்டத்தில் எந்தப் பிள்ளை படுக்கும்?

கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கயிறு சுருங்கிய விதத்தையும் எழுதினேன். தவறு யாருடைய அஜாக்கிரதையாலும் நேர்ந்ததல்ல என்றும் சேர்த்து எழுதினேன். ஏ.டி. ஐயா மறு அளவைக்கு உத்தரவு போட்டார். இந்தத் தடவை கம்பெனிக்குள் போகவே இல்லை. சுவருக்கு வெளியே ஆற்று மணலில் சங்கிலி இழுத்து, முக்கோணம் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். முந்நூறுக்கு அரை மீட்டர் குறைவாக வந்தது.

“வெள்ளக்காரன் கெட்டிக்காரன்தாம்மா” என்றார் ஏ.டி. ஐயா.

“வெள்ளக்காரன் குதிரையில உக்காந்திருப்பான் சார். வெயில்ல சங்கிலி இழுத்தது நம்ம ஆளுகதான்” என்றேன். அந்த ஒரு பேச்சுத்தான் அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

சண்முகவேலுக்கு மெமோ வந்தது. ப்ரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருஷமும் அவர் என்னை ‘மேடம்’ என்றே கூப்பிட்டார். அக்கா என்று கூப்பிட்டவர் மேடம் என்று கூப்பிடுகிறபோது எப்படி வலிக்கும் என்று கேட்காதீர்கள். பிற்பாடு சரியாகிவிட்டது.

கம்பெனி மேகசினைப் பத்தரை மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டது. விதிக்குப் போக மூன்று மீட்டர் மிச்சம். கஞ்சத்தனமாகத் தள்ளியிருந்தாலும் சட்டப்படி சரி. புதுப் பிளான், புது மனு என்று அலைந்ததில் அந்தச் சீசன் போய்விட்டது. தாயில்பட்டியில் இருந்த வேறொரு யூனிட்டுக்கு வேலையை மாற்றினார்கள். மணலோடைப்பட்டிப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தத் தீபாவளிக்கு வேலை இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சிவகாசிப் பக்கம் விபத்து என்று செய்தி வந்தால் முதலில் ஊர்ப் பெயரைத் தேடுவேன். அந்த ஊர் இல்லை என்றால் நிம்மதி வரும். அடுத்த நிமிஷமே, வேறு ஊர்க்காரர்கள் செத்ததற்கு நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். அந்த மேகசின் வெடிக்கவில்லை. இன்றுவரை வெடிக்கவில்லை. வெடிக்கவே போவதில்லை என்றால் நான் செய்தது வேலையா, வீம்பா என்று அநேக நாள் யோசித்திருக்கிறேன்.

6. புது அறை

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவு செய்தார்கள். ஏற்றும் முன் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை ஷீட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மணலோடைப்பட்டியில் வீடு வீடாக நடந்தேன். ஊற்றுகள் தூர்ந்துபோயிருந்தன. அக்கரைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் கருவேல் அடைத்திருந்தது. சிவப்புக் கட்டங்களில் பாதி இப்போது கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு. ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.

மாரியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

“வாங்க மேடம், சாப்பிட்டீகளா? தலை நரச்சுப்போச்சே ஒங்களுக்கு! மூத்தவனுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம். வாங்க, வீட்டப் பாருங்க, ரூம் எடுத்திருக்கோம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு மேற்கே ஆற்றுப் பக்கம் காலியாக இருந்தது. கிழக்கே, மேகசின் இருக்கும் திசையில், புத்தம் புதிதாக ஒரு அறை. ரோஸ் கலர் சுண்ணாம்பு. ஜன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை. அந்த ஜன்னல் வழியே கம்பெனிச் சுவர் தெரிந்தது.

“எம்புட்டு நீளம்மா இது?” என்று கேட்டேன்.

“பதினாறு அடி. மகனும் மருமகளும் கட்டில் போட்டுத் தாராளமாப் படுக்கலாம். நீங்க அன்னைக்கு அளந்து விட்டீகளே, அதுனாலதான் மேடம் இம்புட்டு எடம் சும்மா கெடந்துச்சு. யாரும் வந்து அடைக்கல.”

விதிக்கு மேல் மிச்சமிருந்த மூன்று மீட்டர் என்பது பத்து அடிதான். நான் மூன்று வாரம் பட்டினி கிடந்து, ஒரு மனிதனின் ப்ரமோஷனைக் கெடுத்து, ஒரு ஊரின் தீபாவளியைப் பறித்து வாங்கிய இடத்தை இவள் சுவர் வைத்து எடுத்துக்கொண்டாள். அதற்கு எனக்கு நன்றியும் சொல்கிறாள். அந்தப் புதுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மேகசின் பற்றிக்கொண்டால் என்ன ஆகும், கல்லும் ஓடும் எவ்வளவு தூரம் பறக்கும், அந்த வெற்றிடம் எதற்காக வெற்றிடமாக இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருஷமாக மருந்தோடு புழங்குகிறவள், அவளுக்கு வெடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தூரத்தைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை. “உள்ள வேல செய்யிறப்ப எதையும் உரசக்கூடாது, கூட்டமா உக்காரக்கூடாதுன்னு சொல்லுவாக. வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் முடிஞ்சதுன்னுல்ல நெனச்சோம்” என்றாள்.

ஜன்னல் வழியே கம்பெனிச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது.

“அன்னைக்கு வேல போச்சுன்னு ஒங்கள வையாத வசவில்ல மேடம். எதுக்குப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வஞ்சிருப்பேனா? விதி விதின்னுட்டு வண்டியேறிட்டீக. சொல்லிருந்தீகன்னா இந்தச் செவுத்த ஆத்துப் பக்கம் எழுப்பியிருப்பேன்ல.”

அவள் சொன்னதில் தப்பு உண்டா? இல்லை.

அறை இடிபடவில்லை. நான் எழுதிக் கொடுத்து, அப்போது இருந்த ஏ.டி. மேலே பேசி, அந்த மேகசினில் வைக்கும் சரக்கின் அளவைக் குறைக்க உத்தரவு வந்தது. குறைந்த சரக்குக்குக் குறைந்த தூரம் போதும். குறைத்துத்தான் வைக்கிறார்களா என்று நான் போய் எண்ண முடியாது. ஆவணியில் கல்யாணத்துக்குப் போனேன். மணமக்களுக்குப் பழைய அறையைக் கொடுத்திருந்தார்கள். ரோஸ் கலர் அறையில் அண்டாவும் விறகும் கிடந்தன.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கருவிகள் மாறிவிட்டன, கயிறு சுருங்குகிற கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் வீட்டுக்கும் ஆபத்துக்கும் இடையே நீங்கள் போடுகிற கோடு படத்தில் மட்டும்தான் தெரியும். தரையில் அது வெறும் காலி இடம். காலி இடத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருக்கிறவள் சுவர்தான் எழுப்புவாள். நான் ஏ.டி. ஐயாவிடம் சொன்னேன், மேலிடத்துக்கு எழுதினேன், மேனேஜரின் போனுக்கெல்லாம் பதில் சொன்னேன். அந்த வீட்டில் தூங்குகிறவளிடம் மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன்.